ஏழுமலையைத் தேடி ஒரு கியர் சைக்கிளில்

ஸ்காட்லாந்து எவ்வளவு பெரியது என்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லா வம்பும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறவள். கல்லூரி புதிதாக ஒரு நுண்ணோக்கி வாங்கியது. அதை இயக்கக் கற்றுக்கொள்ள கிளாஸ்கோ நகரத்துக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு ஒருவரை அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு பேராசிரியர்களுக்குள் யார் போவது என்று தகராறு. கடைசியில் மற்றவர் போய்விடக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாகி என்னை அனுப்பினார்கள். நாற்பத்தாறு வயதில் எனக்கு முதல் பாஸ்போர்ட்.

விஷயம் தெருவில் பரவிய மூன்றாம் நாள் அஞ்சலை வந்தாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள், கடற்கரைக் குப்பத்துக்காரி. அன்றைக்குத் தலையிலிருந்த கூடையைக்கூட இறக்கவில்லை.

"அக்கா, ஸ்காட்லாந்தா போறீங்க? எங்க வூட்டுக்காரரும் அங்கதாங்க்கா இருக்காரு."

அவள் புருஷன் ஏழுமலை போன வருஷம் அங்கே ஒரு இறால் படகில் வேலைக்குப் போனவர். வாரத்துக்கு மூன்று முறையாவது வீடியோவில் பேசுவாராம். இப்போது இரண்டு மாதமாக முகத்தைக் காட்டுவதில்லையாம்.

"வீடியோ போட்டா கட் பண்றாருக்கா. கேட்டா சிக்னல் இல்லங்கறாரு. வாய்ஸ் மட்டும் அனுப்புறாரு. 'நல்லா இருக்கேன், சாப்ட்டேன்', அவ்ளோதான். குப்பத்துல ஒரு மாதிரி பேசறாங்க. எவளோ வெள்ளக்காரியோட..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் கூடையை இறக்கிவைத்தாள். "நீங்க கண்ணால பாத்துட்டு வந்து உள்ளது உள்ளபடி சொல்லுங்க, போதும். மத்தத நான் பாத்துக்கறேன்."

"நான் வரேன்னு அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடு" என்றேன்.

"ஐயய்ய, சொல்லக் கூடாதுக்கா. உஷாராயிடுவாரு."

"பாக்கலாம்" என்றேன். எங்கள் பக்கத்தில் 'பாக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். அது அஞ்சலைக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் இரண்டு கிலோ கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். நெத்திலியும் வஞ்சிரமும். ஐந்து பிளாஸ்டிக் பைக்குள் சுற்றியும் வாசனை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

"அவுரு இருக்கற எடம் நீங்க எறங்கற ஊருக்குப் பக்கத்துலதான இருக்கும்? கடலூர்ல இருந்து சிதம்பரம் மாதிரி?"

இருக்கலாம் என்று சொல்லித் தொலைத்தேன்.

ஏழுமலை வேலை பார்க்கும் தீவின் பெயரையும் படகின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர் வேலைக்கு என்னால் எதுவும் ஆகிவிடக் கூடாது. அஞ்சலை, ஏழுமலை என்ற பெயர்களும் நான் வைத்தவை. தீவின் பெயரை நான் எழுதினாலும் நீங்கள் படிக்க முடியாது. கிளாஸ்கோவில் மூன்று பேரிடம் காட்டினேன், மூன்று பேரும் மூன்று விதமாக வாசித்தார்கள். ரயிலில் மூன்று மணி நேரம், அப்புறம் கப்பல் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

கிளாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னார். மூன்றாவது பையைப் பிரித்ததும் அவரே கையைக் காட்டி நிறுத்தி, "போதும், போங்கள்" என்றார். பறிமுதல் செய்துவிடுவார் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தேன். அதுவும் நடக்கவில்லை. பயிற்சியின் முதல் வாரம் முழுக்க அறை ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்கினேன்.

நடுவில் வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கப்பல் புறப்படும் துறைமுக ஊரில் ரயிலை விட்டு இறங்கியபோது வானம் நீலமாக இருந்தது. கடல் அசையாமல் கிடந்தது. கப்பல் ரத்து என்று பலகையில் எழுதியிருந்தார்கள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"காற்று" என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண்.

"எங்கே காற்று?"

"வெளியே" என்று கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

புயலைப் பற்றிக் கடலூர்க்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், அதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் பைக்கில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருவார்கள். இங்கே ஒரு இலைகூட ஆடவில்லை. என்னை அதைவிடக் கடுப்பேற்றியது வரிசையில் நின்ற ஜனங்கள்தான். ஒருவராவது சத்தம் போடுவார், நாமும் பின்னால் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தேன். எல்லாரும் பிளாஸ்கைத் திறந்து டீ குடித்தார்கள். "நேற்றும் இப்படித்தான். நாளைக்கும் இப்படி இருக்கலாம்" என்று ஒரு கிழவர் மனைவியிடம் சந்தோஷமாகச் சொன்னார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் வராவிட்டால் நடப்பதை இவர்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

அன்றைய சாப்பாடு மீன் வறுவல் என்று பெயர்ப்பலகை சொன்னது. அரை அங்குல மாவுக்குள் உப்பு, மிளகாய் எதுவும் அறியாத ஒரு மீன் இருந்தது. பஜ்ஜிக்குள் மீன் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே வினிகர் ஊற்றட்டுமா என்று கடைக்காரன் கேட்டான். ஊற்று, இனிமேல் என்ன ஆகப் போகிறது என்றேன்.

சனிக்கிழமை கப்பல் கிளம்பியது. இரண்டரை மணி நேரம். எதிர் இருக்கைக் குடும்பத்தின் நாய் முதல் பத்து நிமிடத்திலேயே என் பையைக் கண்டுபிடித்துவிட்டது. இழுக்க இழுக்க வந்து மூக்கை நுழைத்தது.

"மன்னிக்க வேண்டும், உங்கள் பையில் என்ன இருக்கிறது?" என்று அந்தம்மாள் கேட்டாள்.

"மீன்."

"ஓ. எப்போது பிடித்தது?"

"போன மாதம்" என்று உண்மையைச் சொன்னேன். அந்தக் குடும்பம் மேல்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

தீவில் இறங்கியதும் பஸ் எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூட நாளில் மட்டும்தானாம். டாக்ஸி? ஒன்று இருக்கிறது, டிரைவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார்? கல்யாணம் முடிந்ததும். மிச்சம் இருந்தது துறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையும் அதில் வாடகை சைக்கிள்களும்தான். மோட்டார் வைத்தவை எல்லாம் போய்விட்டன. மிதிக்கிற சைக்கிள் ஒன்று இருந்தது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் சைக்கிளில் கல்லூரிக்குப் போனவள்தான். அந்த சைக்கிளுக்கு ஸ்டாண்டு உண்டு, கேரியர் உண்டு, பெல் உண்டு, சாவி உண்டு. இதற்கு இருபத்துநாலு கியர் இருந்தது, வேறெதுவும் இல்லை. ஸ்டாண்டு இல்லாமல் எப்படி நிறுத்துவது என்று கேட்டதற்கு, கொட்டகைப் பெண் அதைச் செல்லமாகப் புல்தரையில் படுக்கவைத்துக் காட்டினாள். கருவாட்டை முதுகுப்பைக்குள் திணித்தேன். துப்பட்டாவைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். அஞ்சலை எழுதிக்கொடுத்த துறையின் பெயரைக் காட்டினேன். "நேராகப் போங்கள், பதினாலு" என்றாள்.

பதினாலுதானே. மஞ்சக்குப்பத்திலிருந்து செம்மங்குப்பம் தாண்டிக் கொஞ்ச தூரம். ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று மிதித்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வழியில் ஒரு கல் வந்தது. அதில் ஏழு என்றிருந்தது. அப்போதுதான் இந்த ஊரில் கிலோமீட்டர் கிடையாது, எல்லாம் மைல் என்பது உறைத்தது. பதினாலு மைல் என்றால் கிட்டத்தட்டக் குறிஞ்சிப்பாடி வரைக்கும். அதுவும் எங்கள் ரோடு பலகை மாதிரி மட்டமாக இருக்கும். இங்கே ஒரு மேடு ஏறினால் இறங்க ஒரு பள்ளம், பள்ளத்தில் இறங்குவதற்குள் எதிர்க்காற்று. இறக்கத்தில்கூட மிதிக்க வேண்டிய ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எதிரே வந்த கார்க்காரர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். முதல் காருக்கு டயரில் காற்றுப் போய்விட்டது போல என்று இறங்கிப் பார்த்தேன். இரண்டாவது காருக்குத் துப்பட்டா சக்கரத்தில் மாட்டிக்கொண்டதோ என்று பார்த்தேன். ஐந்தாவது காருக்குத்தான் இது இவர்கள் வணக்கம் சொல்லும் முறை என்று புரிந்தது. அதற்குள் நான்கு முறை சைக்கிளைப் படுக்கப்போட்டு எழுப்பியிருந்தேன். ரோட்டின் நடுவே ஆடுகள் படுத்திருந்தன. பெல் இல்லாததால் "ஏய், போ! போ!" என்று தமிழில் கத்தினேன். அவை அசையவில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு போனேன்.

நான் தேடிவந்த துறை ஒரு சின்ன வளைவு. நாலு வீடு, ஒரு கல் பாலம், அடுக்கிவைத்த நண்டுக்கூடுகள். படகு ஒன்றுமில்லை. நண்டுக்கூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தாடிக்காரரிடம் படகின் பெயரைச் சொன்னேன்.

"மத்தியானமே போய்விட்டதே" என்றார். "சனிக்கிழமை சரக்கை லாரியில் ஏற்ற வேண்டும். கப்பல் துறையில் இறக்குவார்கள்."

"எந்தக் கப்பல் துறை?"

"இந்தத் தீவில் ஒன்றுதானே இருக்கிறது? நீங்கள் அங்கிருந்து வரவில்லையா?"

"திரும்பி வருமா?"

"வரும், வரும்" என்று ஆறுதலாகச் சொன்னார். "செவ்வாய்க்கிழமை."

நான் சைக்கிளைப் படுக்கவைக்கவில்லை. அப்படியே விட்டேன், விழுந்தது. முன்கூட்டிச் சொன்னால் உஷாராயிடுவாரு என்று சொன்ன அஞ்சலையை அந்த நிமிஷம் என் கையில் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அந்த நாலு வீட்டில் ஒன்றில் வாடகைக்கு அறை கொடுத்தார்கள். வீட்டுக்காரி மார்கரெட்டுக்கு என் வயதுக்குப் பத்து கூட இருக்கும். நல்லவள். வழியில் தூறலில் நனைந்த என் துணியை அடுப்புப் பக்கம் தொங்கவிட்டாள், பருப்புச் சூப் கொடுத்தாள். புளியும் காயமும் போட மறந்துபோன சாம்பார் அது. இரண்டு கிண்ணம் குடித்தேன். பிறகு மூக்கைச் சுருக்கி, வடிகாலில் ஏதோ செத்திருக்கிறது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கருவாடு அன்றிரவு விறகுக் கொட்டகையில் தங்கியது.

எதற்கு வந்தேன் என்று கேட்டாள். இந்தியாவிலிருந்து வந்து படகில் வேலை பார்க்கும் ஒருவரைப் பார்க்க என்றேன்.

"ஓ. அந்தப் பாவப்பட்ட மனிதரா?" என்றாள்.

"ஏன் பாவம்?"

"நீங்கள் அவருடைய சொந்தமா?"

"இல்லை. அவர் மனைவி எங்கள் தெருவுக்கு மீன் விற்க வருகிறவள்."

"அப்படியானால் அவரே சொல்லட்டும்" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

சாயங்காலம் முழுக்கத் தன் ஆடுகளின் கால்நோய், பக்கத்து வீட்டுக்காரரின் இரண்டாம் கல்யாணம், பாதிரியாரின் குடிப்பழக்கம் எல்லாவற்றையும் கேட்காமலே சொன்னாள். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நானும் மூன்று பக்கமிருந்து கேட்டுப்பார்த்தேன். நோயா? பிள்ளை குட்டியோடு குடித்தனமா? போலீஸா? படுக்கையில் புரண்டுகொண்டே அஞ்சலையிடம் எந்தச் செய்தியை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கஞ்சி கொடுத்தாள். ஓட்ஸ் கஞ்சி, உப்புப் போட்டது. மோர்மிளகாய் ஒன்று இருந்திருந்தால் அந்தத் தீவையே மன்னித்திருப்பேன். மூன்று மணிக்குக் கப்பல். அதை விட்டால் திங்கட்கிழமை பயிற்சி போச்சு. எட்டரைக்கே கிளம்பினேன். நேற்று எதிர்க்காற்று, அதனால் இன்று பின்காற்று என்பது என் கணக்கு. இரவோடு இரவாகக் காற்றும் திரும்பியிருந்தது. மறுபடியும் முகத்தில்தான் அடித்தது.

பாதி வழியில் செயின் கழன்றது. கையெல்லாம் மசியாகி நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு டிராக்டர் வந்து நின்றது. உதவி செய்யப் போகிறார் என்று நிமிர்ந்தேன். "இன்றைக்குக் காற்று பரவாயில்லை, இல்லையா?" என்று கேட்டுவிட்டு அந்த மனிதர் போய்விட்டார்.

துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்றே முக்கால். கல் சுவரை ஒட்டி நீலநிறப் படகு ஒன்று கட்டியிருந்தது. பெயரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதேதான். முந்தின நாள் நான் சைக்கிளை வாடகைக்கு எடுத்த கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம். தளத்தில் ஒரு ஆப்பிரிக்க இளைஞர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

இங்கிலீஷில் கேட்கத் தோன்றவில்லை. "ஏழுமலை!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும், வாரம் கண்ட தாடி. தமிழ்க் குரலைக் கேட்ட அதிர்ச்சியில் வாய் திறந்தபடி இருந்தது.

"யாரு?"

"மஞ்சக்குப்பம். அஞ்சலை மீன் குடுக்கற வீடு. அவதான் உங்களப் பாத்துட்டு வரச் சொன்னா."

முகத்தில் சந்தோஷம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. ஏணியை ஒற்றைக் கையால் பிடித்து ஏறி வந்தார். மற்ற கை சட்டைப் பைக்குள் இருந்தது. ஊருக்குள் போய்த் தங்க அவர்களுக்கு விசாவில் அனுமதி கிடையாதாம். படகுதான் வீடு, இந்தத் துறைதான் தெரு. "உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லக்கூட எடமில்லக்கா" என்றார். பெட்டி மேல் ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னார். பிள்ளைகள் படிக்கிறார்களா, கூரையை மாற்றினார்களா, மழை ஜாஸ்தியா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் ஒழுங்கான கேள்விகள். வெள்ளைக்காரிகள் யாரும் படகிலிருந்து இறங்கி வரவில்லை.

பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். இடது கையால் வாங்கினார்.

எங்கள் பக்கத்தில் எவ்வளவு அவசரமானாலும் வயதில் மூத்த பெண் கொடுப்பதை இடது கையால் வாங்க மாட்டார்கள். அவருக்கே அது உறைத்து முகம் மாறியது.

"அந்தக் கைய வெளிய எடுங்க தம்பி" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா."

"நான் ரெண்டு நாளா ஆடு படுத்துக் கெடக்கற ரோட்டுல சைக்கிள் மிதிச்சு வந்திருக்கேன். எடு வெளிய."

எடுத்தார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அடியோடு போயிருந்தது. தோல் மூடி, இளஞ்சிவப்பாக, புதிதாக இருந்தது.

இரண்டு மாதம் முன்னால், கயிறு சுற்றுகிற இயந்திரத்தில். கையுறையோடு சேர்த்து இழுத்துவிட்டது. படகுக்காரர்தான் துணி சுற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கூடவே இருந்திருக்கிறார். போ என்று சொல்லவில்லை. கனமில்லாத வேலை கொடுத்து வைத்திருக்கிறார்.

"அஞ்சலகிட்ட சொல்லாதீங்கக்கா" என்றார். "போவக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னா. நான்தான் கேக்காம வந்தேன். கெளம்பற அன்னிக்கு, 'போன மாதிரியே முழுசா திரும்பி வா, வேற ஒண்ணும் வேணாம்'னா. இந்தக் கைய எப்படிக் காட்டுவேன்? நல்லா இருக்காருன்னு மட்டும் சொல்லிடுங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் உள்ளது உள்ளபடி சொல் என்கிறாள். இவர் உள்ளதைச் சொல்லாதே என்கிறார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவில் என்னை எதற்கு இழுத்துவிடுகிறீர்கள்?

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன். "அப்புறம் இன்னொண்ணு. அவ கையப் பத்தியெல்லாம் யோசிக்கல. நீ இங்க ஒரு வெள்ளக்காரியோட குடித்தனம் நடத்தறேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா. குப்பமே அப்படித்தான் பேசுதாம்."

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னையா?"

"உன்னத்தான்."

"வெள்ளக்காரியா? இங்கயா?" என்று படகைக் காட்டினார். இரண்டு ஆள் படுக்கிற இடத்தில் மூன்று பேர் படுக்கும் படகு. கொடியில் மூன்று பேரின் பனியன்கள். "ரெண்டு வருஷம் பின்னாடியே சுத்தி அவளக் கட்டுனவன் நான். அவளா அப்படிச் சொன்னா? அவ வாயாலயா சொன்னா? போடுங்கக்கா போன! இப்பவே போடுங்க!"

கையைக் காட்ட வெட்கப்பட்ட மனிதர் இந்தப் பழியைத் தாங்க மாட்டார் என்று நான் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. எரிச்சலில் வாயில் வந்ததைச் சொன்னேன். அவ்வளவுதான்.

பயணிகள் காத்திருக்கும் கூடத்தின் சுவரோரம் போய் நின்றோம். சிக்னல் நாலு கோடும் நிறைந்திருந்தது. அவர் போனில் போட்டால் நடுவில் மனம் மாறிக் கட் பண்ணிவிடுவார் என்று என் போனிலேயே வீடியோ போட்டேன். ஊரில் சாயங்காலம். அஞ்சலை உடனே எடுத்தாள்.

"அக்கா! பாத்தீங்களா? இருக்காரா? யாரு கூட இருக்காரு?"

போனை ஏழுமலையிடம் கொடுத்தேன். வீராப்பாக வாங்கியவர், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வலது கையைத் தூக்கித் திரைக்கு நேரே காட்டினார்.

அந்தப் பக்கம் தெருவில் யாரோ குடம் வைக்கும் ஓசை மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். அஞ்சலை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை எடுத்தாள்.

"ரெண்டு விரல் போச்சு, சரி" என்றாள். "வாய் எங்க போச்சு உனக்கு?"

அதன் பிறகு அவள் நிறுத்தவில்லை. இரண்டு மாதமாக அவள் சோறு இறங்காமல் கிடந்தது, கோயிலுக்கு நடந்தது, கூடையோடு போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்தியது, சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது என்று எல்லாவற்றையும் எடுத்து அவர் தலையில் போட்டாள். ஏழுமலை "ஆமாம்", "தப்புதான்", "ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளிப்போய்க் கடலைப் பார்த்து நின்றேன்.

கடலில் கப்பல் வந்துகொண்டிருந்தது. வந்தது, கட்டினார்கள், கார்கள் இறங்கின, கார்கள் ஏறின. மஞ்சள் கோட்டுப் போட்டவன் என்னைப் பார்த்து, "வருகிறீர்களா?" என்று கேட்டான். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை இப்போது அழுதுகொண்டிருந்தாள். அவர் பிள்ளைகள் இருவரையும் கூப்பிடச் சொல்லி, கையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். பெரியவன், "வலிக்குதாப்பா?" என்று கேட்பது எனக்கும் கேட்டது.

மஞ்சள் கோட்டுக்காரன் தோளைக் குலுக்கிவிட்டுச் சங்கிலியைப் போட்டான். கப்பலின் வாய் மூடிக்கொண்டது.

அரை மணி நேரம் கழித்து ஏழுமலை மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அக்ரிமென்ட்ல மீதி இருக்கற மாசத்த முடிச்சிட்டு வரச் சொல்லிட்டாக்கா. தெனம் மூஞ்சியக் காட்டணுமாம். கையையும் சேத்துக் காட்டணுமாம்" என்றார். பிறகு காலியான கடலைப் பார்த்துத் திடுக்கிட்டார். "ஐயோ, கப்பல் போயிடுச்சே! நீங்க ஏன்க்கா ஏறல?"

என் டிக்கெட் என் போனில் இருந்தது. என் போன் அவர் கையில் இருந்தது. இதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அன்று மாலை படகில் கருவாட்டுக் குழம்பு வைத்தார். ஆப்பிரிக்க இளைஞரும், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரும், நானும் பெட்டிகள் மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏழுமலை வலது கையாலேயே பரிமாறினார். கரண்டி இரண்டு முறை நழுவியது. அவரே எடுத்துக் கழுவிவிட்டு மறுபடி பரிமாறினார். எட்டு நாளுக்குப் பிறகு சோறு. நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

துறைக்கு மேலே இருந்த விடுதியில் தங்கினேன். திங்கட்கிழமை காலைக் கப்பலும் ரத்து. இந்த முறை காற்று நிஜமாகவே இருந்தது, ஜன்னல் சட்டம் நடுங்கியது. பயிற்சிக்காரருக்குப் போன் செய்து, வர முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டேன். "எந்தத் தீவு?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ, அப்படியானால் புதன்கிழமை பார்ப்போம்" என்றார்.

போனை வைத்த கையோடு அது மறுபடி அடித்தது. அஞ்சலை. தலைவாரிப் பூ வைத்து, திரை முழுக்க நிறைந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இன்னும் அங்கதான இருக்கீங்க? அவுரு போன எடுக்க மாட்றாரு. தூங்குறாரு போல. கொஞ்சம் எழுப்பி வுடுங்க."

வெளியே மழை படுக்கைவசத்தில் பெய்துகொண்டிருந்தது. "இரு, வைக்காத, போறேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் காயாத மழைச்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.